ரெண்டுமீன் தோட்டத்துப் பிறப்புப் புத்தகம்

புனிதவதிக்குப் பிறந்தநாள் ஜனவரி முதலாம் திகதி. அவளுக்கு மட்டுமா? சுவிஸ் நாட்டு நொஷாட்டலில் தமிழர் கூடுகிற பொங்கல் விழாவில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எறிந்து பாருங்கள், அது ஜனவரி முதலாம் திகதி பிறந்த ஒருவரின் தலையில்தான் விழும். அகதி விண்ணப்பம் எழுதிய நாளில் கையில் பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களுக்கு அதிகாரிகள் மனமிரங்கிப் போட்டுக்கொடுத்த திகதி அது. மற்றவர்களுக்கு உண்மையான நாள் தெரியும். அந்த நாளில் வீட்டுக்குள் பாயாசம் காய்ச்சிக் குடித்துவிடுவார்கள். புனிதவதிக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. தான் எந்த நாளில் பிறந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

தாய் அங்கம்மாவிடம் கேட்டால், "கவ்வாத்து வெட்டுன கையோட நீ பொறந்த" என்பாள். கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடுவது. எந்த மலையில், எந்த வருஷத்துக் கவ்வாத்து என்று கேட்டால் அங்கம்மாவுக்குக் கோபம் வரும். "அதெல்லாம் தொரை வீட்டு புத்தகத்துல இருக்கு. தொரைச்சானி எழுதுனாங்க, நான் பாத்தேன்" என்று கதையை முடித்துவிடுவாள். துரையின் மனைவியைத்தான் தோட்டத்தில் தொரைச்சானி என்பார்கள். அந்த ஒரு பதிலோடு அங்கம்மா செத்தும் போனாள்.

இனி ஒளித்து என்ன, போட்டு உடைத்துவிடுகிறேன். புனிதவதி கிளிநொச்சிக்காரி என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். பாதி உண்மை. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் வீட்டுக்கு நெருப்பு வைத்தபிறகு, தாயும் தகப்பனும் அவளை இழுத்துக்கொண்டு கிளிநொச்சிக்கு ஓடிவந்தார்கள். அதற்கு முன்னால் அவள் இருந்தது மஸ்கெலியாவுக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தில், நாலாம் நம்பர் லயத்தில். தொழிலாளர் குடும்பங்களை வரிசையாக அடைத்துவைத்த பத்தடி அறைகளுக்குத்தான் லயம் என்று பெயர்.

அதை ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணத்தாரோடு நீங்கள் பழகவில்லைப் போலும். "தோட்டக்காட்டார்" என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது வாய் தானாகவே ஒரு பக்கம் கோணும். புனிதவதியைக் காதலித்துக் கட்டிய பாலசிங்கம் வடமராட்சியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து அவர்களுடைய பக்கத்துக் காணியில் குடியேறியவன். நல்ல மனுஷன், ஆனால் ஒரே ஒரு குறை, பயந்த சுபாவம். "எனக்கு ஒண்டும் இல்லையப்பா. அக்காவுக்கு மட்டும் சொல்லிப்போடாதை" என்றான். அந்த ஒரு வசனத்தில் முப்பது வருடம் போய்விட்டது. புனிதவதி தாயின் பேச்சைக் கழற்றி வைத்துவிட்டு "ஓம்", "வாறன்", "போறன்" என்று பழகிக்கொண்டாள். மகள் மதுஜாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

அந்த அக்கா கஜலக்சுமி சாமானியப்பட்டவள் அல்ல. நொஷாட்டலுக்குப் புதிதாக ஒரு தமிழர் வந்து இறங்கினால், பெட்டியைக் கீழே வைப்பதற்குள் அவள் கேள்வி வந்துவிடும்: "எந்த ஊர்? அதிலை எந்தக் குறிச்சி? அப்பாவின்ரை ஆக்கள் ஆர்?" கேட்டு, மனதுக்குள் ஒரு தட்டில் தூக்கி வைத்துவிடுவாள். தம்பி மனைவியையும் விட்டாளா? முதல் நாளே கேட்டாள்.

"கிளிநொச்சி, மச்சாள்."

"அதுக்கு முதல்?"

"அதுக்கு முதலும் அங்கைதான்."

கஜலக்சுமி ஒரு "ம்ம்" போட்டாள். அந்த "ம்ம்" புனிதவதியின் காதில் முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

இரண்டாயிரத்தோராம் ஆண்டு மார்கழியில், பால் வாங்கக் கடைக்குப் போன புனிதவதி ஒரு வைன் போத்தலின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். லேபிளில் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு மீன்கள், மேலே ஒரு நட்சத்திரம். அதே மீன்கள்! தேயிலைப் பெட்டியில் குத்தியிருந்த மீன்கள், தொழிற்சாலை நெற்றியில் இருந்த மீன்கள். தோட்டத்துக்கு எப்போதும் இரண்டு பெயர். கடதாசியில் துரை வைத்த பெயர் ஒன்று, சனங்களின் வாயில் இருக்கும் பெயர் இன்னொன்று. கடதாசியில் அது ரொஷ்வால் குரூப். லயத்தில் அதை ரெண்டுமீன் தோட்டம் என்று மட்டும்தான் சொல்வார்கள். போத்தலைத் திருப்பி விலாசத்தைப் பார்த்தாள். தன் வீட்டு வாசலிலிருந்து ட்ராமில் பத்து நிமிடம்.

அடுத்த புரட்டாதியில் அந்த ட ரொஷ்வால் குடும்பத்தின் திராட்சைத் தோட்டத்துக்கு அறுவடைக் கூலியாளாகப் போய்ச் சேர்ந்தாள். ஏன் போனாள் என்று அவளுக்கே ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. "அவையின்ரை வீட்டு வாசலை ஒருக்காப் பாக்கவேணும்போலை கிடந்தது" என்று பாலசிங்கத்திடம் சொன்னாள். பார்க்கப் போனவள் இருபத்துநாலு அறுவடைக்கும் போனாள். போதாக்குறைக்கு நாலாவது வருடம் கஜலக்சுமியும் வந்து பக்கத்து வரிசையில் ஒட்டிக்கொண்டாள். போன பிறவிக் கடன்!

ஏரியைப் பார்த்தபடி பெரிய மாளிகை, அதற்கு மேலே மலைச்சரிவு முழுக்கத் திராட்சை. அறுவடை முடிகிற நாளில் கூலியாட்களை வீட்டு மண்டபத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு போடுவது அந்த வீட்டு வழக்கம். அந்த ஒரு நாளில்தான் உள்ளே போகலாம். நடைபாதைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பட்டயம் தொங்கியது, சிவப்பு அரக்கு முத்திரையோடு. மதுஜா பன்னிரண்டு வயதில் ஒருமுறை கூட வந்தபோது அதை வாசித்துச் சொன்னாள். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்து மூன்றில், இலங்கையில் குடியேற வந்த ட ரொஷ்வால் சகோதரர் இருவருக்கு, "குடியிருப்போர் எவருமற்ற தரிசுக் காடு" ஆயிரத்து நூற்றுச் சொச்சம் ஏக்கரை இங்கிலாந்து ராணியின் அரசாங்கம் எழுதிக் கொடுத்த பட்டயம் அது. எவருமற்ற காடாம்! அந்தக் காட்டை வெட்டியவர்கள் யார், கோப்பியை நட்டு, அது நோய்வந்து பட்டுப்போனபின் தேயிலையை நட்டவர்கள் யார், பட்டயத்தில் அதற்கு ஒரு வரி இல்லை. புனிதவதியின் பூட்டன் அந்தக் காட்டில் அட்டை கடித்துக் காய்ச்சலில் கிடந்து செத்தவன். அவள் அன்றைக்குச் சாப்பாட்டை அளைந்துவிட்டு எழும்பிவிட்டாள்.

பட்டயத்துக்குப் பக்கத்தில் கூடை சுமந்த பெண்களின் படம் ஒன்று. அதற்குக் கீழே கண்ணாடி அலுமாரி. அலுமாரியில் தடித்த புத்தகங்கள் வரிசையாக இருந்தன. ஒன்றின் முதுகில் ஆங்கிலத்தில் "பிறப்புகள்" என்று பொன்னெழுத்து. இலங்கை அரசாங்கம் எழுபத்தைந்தில் தோட்டத்தை எடுத்துக்கொண்டபோது துரை குடும்பம் கட்டிக்கொண்டு வந்த புத்தகங்கள். தாய் சொன்ன புத்தகம் அதுதான் என்பதில் புனிதவதிக்குச் சந்தேகமே இல்லை. ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் பக்கத்தில் கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருக்கும் கஜலக்சுமியின் காதில் விழும். வருடா வருடம் அலுமாரியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

போன புரட்டாதியில், ஒரு வியாழக்கிழமை, காலைக் கோப்பி நேரத்தில் வீட்டுக்காரி மதாம் ஒடில் தோட்டத்துக்கு வந்தாள். எண்பத்துநாலு வயது, கைத்தடி, நிமிர்ந்த முதுகு. மாளிகையை மகன்கள் விற்றுவிட்டார்கள், இதுதான் கடைசி அறுவடை என்றாள். திங்கட்கிழமை லொறி வருகிறது. பட்டயத்தையும் படங்களையும் ஒரு மியூசியம் கேட்டிருக்கிறது. மற்றப் பழைய புத்தகங்களை யாரும் கேட்கவில்லை. அவை கடதாசி ஆலைக்குப் போகின்றன. சொல்லிவிட்டு எல்லோருக்கும் நன்றி சொன்னாள்.

புனிதவதியின் கையிலிருந்த கோப்பி ஆறிப்போனது. இன்னும் மூன்று நாள். அதற்குப் பிறகு அவள் பிறந்த நாள் கூழாகிக் கடதாசிப் பையாகிவிடும்.

"கேளன்" என்றான் பாலசிங்கம், பின்னேரம்.

"உங்கடை அக்கா பக்கத்திலை நிக்கிறா."

"தனியக் கூப்பிட்டுக் கேள்."

வெள்ளிக்கிழமை போனாள். மாளிகையின் குசினிக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பினால் பின்னால் கஜலக்சுமி நிற்கிறாள். "என்ன அலுவல்? நானும் வாறன்." மதாம் கதவைத் திறந்தாள். புனிதவதி கொஞ்சம் உப்புக் கிடைக்குமா என்று கேட்டாள். அவித்த முட்டைக்கு என்றாள். அன்றைக்கு அவர்களிடம் முட்டையே இருக்கவில்லை. கையில் உப்பை வைத்துக்கொண்டு திரும்பி நடக்கும்போது அவளுக்குத் தன்மேலேயே காறித் துப்பவேண்டும்போல் வந்தது.

சனிக்கிழமை, கடைசி நாள், விடியவே மழை. மதுஜாவும் உதவிக்கு வந்திருந்தாள். மேல் சரிவில் பதினைந்து வரிசை மிச்சம். சேற்றில் இழுவை இயந்திரம் ஏறவில்லை. பழத்தைத் தூக்கி இறக்குகிற போர்த்துக்கல்காரனுக்கு இடுப்பு நாரி பிடித்துவிட்டது. நனைந்த பழம் ஒரு நாள் கிடந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். எல்லோரும் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கொட்டிலில் ஒரு பழைய பிரம்புக் கூடை அழகுக்காகத் தொங்கியது. தோள்வார்கள் உக்கிப்போயிருந்தன. புனிதவதி அதை இறக்கினாள். ஒரு கயிற்றை எடுத்து இரண்டு காதிலும் கட்டினாள். தலையில் கிடந்த துணியை நாலாக மடித்து நெற்றிக்கு மேலே வைத்தாள். "நிரப்பு பிள்ளை" என்று மதுஜாவிடம் சொன்னாள். கயிற்றைத் துணியின்மேல் கொடுத்து, கழுத்தை முன்னுக்குத் தள்ளி, ஒரே எத்தில் எழும்பினாள். முதுகில் இருபது கிலோ. இரண்டு கையும் வீசி, சேற்றில் காலை அழுத்தி ஊன்றி, கிடுகிடுவென்று இறங்கினாள். யோசித்துச் செய்யவில்லை. பத்து வயதுவரை தாயின் கூடையைத் தூக்கியவள், பிறகு கிளிநொச்சிக் காட்டில் அதே மாதிரி விறகு சுமந்தவள். உடம்புக்கு எது தெரியுமோ அதை உடம்பு செய்தது. ஒருமுறை இறக்கிக் கொட்டிவிட்டு வந்து, இரண்டாவது முறை தூக்கும்போதுதான் கஜலக்சுமியின் முகத்தைப் பார்த்தாள்.

"இஞ்சை! உதென்ன கோலம்?" கஜலக்சுமி கத்தரியோடு வரிசைக்கு வெளியே வந்துவிட்டாள். "உப்பிடித் தலையிலை கயிறு போட்டுத் தூக்கிறது தோட்டக்காட்டுச் சனமெல்லோ! நீ உதை எங்கை பழகினனி?"

டிவியில் பார்த்தேன் என்ற பொய் நாக்கு நுனிவரை வந்தது. முப்பது வருடமாகப் பொய் தயாராக வைத்திருப்பவளுக்கு அது பெரிய காரியமா? ஆனால் நெற்றியில் பாரம் இழுத்துக்கொண்டிருந்தது, திங்கட்கிழமை லொறி கண்முன் நின்றது, அதைவிட அவளுக்குக் களைத்துப்போயிருந்தது.

"பழகேல்லை மச்சாள். பிறந்ததே அங்கைதான்."

"எங்கை?"

"தோட்டத்திலை. மஸ்கெலியாப் பக்கம். இந்த வீட்டுக்காரற்றை தோட்டம்தான் அது."

"அம்மா?" என்றாள் மதுஜா. கஜலக்சுமியின் வாய் கோணவில்லை, அதுதான் ஆச்சரியம். அது திறந்தபடியே நின்றது. பிறகு அவள் சொன்னாள்: "முப்பது வருஷம் என்ரை குசினியிலை நிண்டு சமைச்சனி. ஒரு வார்த்தை சொல்லேல்லையே!" கத்தரியைப் பெட்டிக்குள் எறிந்துவிட்டு ட்ராமுக்கு நடந்துவிட்டாள். கடைசிச் சாப்பாட்டுக்கும் நிற்கவில்லை.

புனிதவதி கூடையைக் கீழே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு நேரே மாளிகைக்கு நடந்தாள். மதுஜா பின்னாலே ஓடினாள். மதாம் ஒடில் குடையோடு முற்றத்தில் நின்றிருந்தாள். அவள் கண் புனிதவதியின் நெற்றியில் பதிந்திருந்த கயிற்றுத் தடத்தில் இருந்தது.

"ஒருவர் அப்படிச் சுமப்பதை நான் ஐம்பது வருடமாகப் பார்க்கவில்லை" என்றாள் மதாம்.

புனிதவதி இருபத்துநாலு வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பிரெஞ்சு வசனங்களில் ஒன்றுகூட வரவில்லை. "நான் உங்கள் தோட்டத்தில் பிறந்தேன். எந்த நாள் என்று தெரியாது. உங்கள் புத்தகத்தில் இருக்கிறது" என்று மட்டும் சொன்னாள். சேற்றுச் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தாள். "விடுங்கள், அப்படியே வாருங்கள்" என்று மதாம் அவள் கையைப் பிடித்தாள்.

அலுமாரி திறந்தது. அடையாள அட்டையில் அறுபத்தாறு என்று இருப்பதால் மதுஜா அறுபத்துநாலிலிருந்து விரலை வைத்துக்கொண்டு வந்தாள். புனிதவதியின் தகப்பன் பெயர் மாரிமுத்து; புத்தகத்தில் மாரிமுத்துகள் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவனின் மனைவி வேறு, ஒருவன் ஒன்பதாம் லயம். கடைசியில் அவள் விரல் ஒரு வரியில் நின்றது.

"அம்மா, இது. அறுபத்தேழு, மே மாதம் ஒன்பதாம் திகதி. பெண் பிள்ளை. தகப்பன் மாரிமுத்து. தாய் அங்கம்மா. நாலாம் லயம், ஆறாம் அறை."

புனிதவதி அந்த வரியைத் தொட்டுப் பார்த்தாள். நீல மை, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. மதாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

"இது என் எழுத்து" என்றாள். "கல்யாணமாகி அங்கே போன புதிது. கிளாக்கர் இல்லாத இரண்டு வருடம் நான்தான் எழுதினேன். உங்கள் தாயை எனக்கு நினைவில்லை. வருந்துகிறேன், உண்மையாகவே நினைவில்லை."

"அவருக்கு உங்களை நினைவிருந்தது" என்றாள் புனிதவதி. குத்திக்காட்ட நினைத்துச் சொல்லவில்லை, ஆனால் குத்தியது. மதாம் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பிறகு மதாம் மேசை லாச்சியை இழுத்து ஒரு சிறிய கத்தியை எடுத்தாள். அந்தத் தாளை வெட்டித் தருகிறேன், அது உங்களுடையது என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். புனிதவதி புத்தகத்தின்மேல் கையை வைத்து மூடினாள்.

"வெட்டவேண்டாம். இந்தப் பக்கத்தில் இன்னும் பதினெட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நாள் தெரியாது. முழுப் புத்தகத்தையும் தாருங்கள்."

மதாம் கத்தியைத் திரும்ப லாச்சிக்குள் போட்டாள். ரெண்டு மீன் அச்சடித்த வைன் பெட்டி ஒன்றைக் காலிபண்ணி, புத்தகத்தை அதற்குள் வைத்துக் கொடுத்தாள். ட்ராமில் மதுஜா அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். "எனக்கேனம்மா சொல்லேல்லை?" என்று ஒருமுறை கேட்டாள். "பயம், பிள்ளை" என்றாள் புனிதவதி. மதுஜா தாயின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

மாரிகாலம் முழுக்க மதுஜா பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் போட்டாள்: ரெண்டுமீன் தோட்டம், ஐம்பத்தெட்டு தொடக்கம் எழுபத்தைந்துவரை பிறந்தவர்கள், தாய் தகப்பன் பெயரும் லயமும் சொன்னால் திகதி சொல்லப்படும். முதல் வாரம் இரண்டு பேர். பிறகு ஹற்றனில் இருந்து, வவுனியாவில் இருந்து, கப்பலேறி நீலகிரிக்குப் போன குடும்பங்களில் இருந்து. அண்ணன் பெயரைத் தேடியவர்கள், செத்த பிள்ளையின் நாளைக் கேட்டவர்கள். புனிதவதி கழற்றி வைத்திருந்த தாயின் பேச்சை எடுத்துத் தூசி தட்டி, "சொல்லுங்க, எந்த லயம்?" என்று கேட்கத் தொடங்கினாள்.

கஜலக்சுமி ஐந்து மாதம் வாசல்படி மிதிக்கவில்லை. ஆனால் விதியைப் பாருங்கள், ஐரோப்பாவில் எவருக்கும் நொஷாட்டலில் ஒரு தமிழர் வேண்டுமென்றால் கையில் இருப்பது கஜலக்சுமியின் நம்பர்தான். "புத்தகம் வைச்சிருக்கிற அக்கா நீங்களோ?" என்று ஆளுக்கு மேல் ஆளாக அவளுக்கே போன் எடுத்தார்கள். நாலைந்து பேர்மேல் எரிந்துவிழுந்து போனை வைத்துவிட்டாள். மாசியில் இன்டர்லாக்கனில் இருந்து தம்பித்துரை எடுத்தார். ஹோட்டல் குசினியில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்த மனுஷன், வவுனியாக்காரர் என்று அவள் தட்டில் ஏற்றி வைத்திருந்தவர். தேர்த்திருவிழாவுக்குப் போனால் அவர் வீட்டில்தான் அவள் சாப்பாடு. தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தங்கச்சி, நானும் அங்கைதான். ஏழாம் லயம். ஒருக்காப் பாப்பிச்சுச் சொல்லுவியோ?"

அன்றைக்குப் புனிதவதியின் தொலைபேசி அடித்தது. வணக்கம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை.

"புத்தகத்தை எடு. ஏழாம் லயம். அறுபது, அறுபத்தொண்டிலை பார். தாய் காத்தாயி."

புனிதவதி பார்த்துச் சொன்னாள். மறுமுனையில் கஜலக்சுமி எழுதுகிற சத்தம் கேட்டது. கால் மணித்தியாலத்தில் திரும்பவும் அடித்தது. "சொன்னன். மனுஷன் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதுபோட்டார், புனிதம்." அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

இந்த வருடம் மே ஒன்பதாம் திகதி சனிக்கிழமையாக வந்தது. வீட்டில் முப்பது பேர். மதுஜா கேக் வாங்கிவந்தாள். பாலசிங்கம் வாசலுக்கும் குசினிக்குமாக நடந்துகொண்டிருந்தான். சொல்லாமல் கொள்ளாமல் கஜலக்சுமி ஒரு பெரிய தட்டம் நிறைய வடையோடு வந்து சேர்ந்தாள். வந்ததும் வராததுமாக, பத்து நாளைக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணமாகி வந்த தர்மிகா என்ற பிள்ளையைப் பிடித்து, ஊர், குறிச்சி, தகப்பன்வழி எல்லாம் கறந்துவிட்டாள். பழக்கதோஷம் போகுமா?

பாவம் அந்தப் பிள்ளை. கதையைத் திருப்ப நினைத்து, பக்கத்தில் நின்ற புனிதவதியைப் பார்த்து மரியாதையாகக் கேட்டாள்: "நீங்கள் எந்த ஊர், அன்ரி?"

நடந்துகொண்டிருந்த பாலசிங்கம் அப்படியே நின்றான். மதுஜாவின் கையில் நெருப்புக்குச்சி எரிந்துகொண்டிருந்தது. புனிதவதி வாயைத் திறந்தாள். அதற்குள் கஜலக்சுமி முந்திவிட்டாள்.

"அவ ரெண்டுமீன் தோட்டம், பிள்ளை. மஸ்கெலியா. நாலாம் லயம், ஆறாம் அறை. சும்மா வாயாலை சொல்லேல்லை, புத்தகம் இருக்கு. உன்ரை ஊரிலை உனக்கு உப்பிடி ஒரு புத்தகம் இருக்கோ?"

சிரிப்பு எழும்பியது. தர்மிகாவும் ஒன்றும் விளங்காமல் சேர்ந்து சிரித்தாள். புனிதவதிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தது. மச்சாளின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு மெழுகுதிரியை ஊதினாள். அடையாள அட்டைப்படி அவளுக்கு அறுபது. அன்றைக்கு அவளுக்கு ஐம்பத்தொன்பது.